கொல்லிப்பாவையும் செய்வினை நம்பிக்கையும்: சேலம் – நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சேலம், நாமக்கல் சமவெளி மக்களின் பேச்சில் கொல்லிமலை என்பது மூலிகைக்கும் சித்தர்க்கும் மாந்திரீகத்துக்கும் உரிய மலையாகும். அம்மலைப் பாவையைப் பற்றிய கதைமரபையும் ஊர்களில் வழங்கும் செய்வினை நம்பிக்கையையும் ஒப்பிட்டு, இரண்டும் இயல்பால் வேறானவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிப்பாவை, செய்வினை, கண்ணேறு, வெறியாட்டு.

முன்னுரை

கடல் மட்டத்திற்கு மேல் 1000 மீட்டரைக் கடந்து உயரும் கொல்லிமலை, 1997இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. வல்வில் ஓரிக்கு உரியதாகச் சங்கப் பாடல்கள் கூறும் மலை இது. இங்குள்ள எட்டுக்கை அம்மனே கொல்லிப்பாவை என்பது வட்டார நம்பிக்கை.

பாவை மரபு

சங்கப் புலவர்க்குப் பாவை பெரிதும் அழகின் உவமையாகும். கபிலர் தலைவியின் மடப்பத்துக்கு அதனை உவமை காட்டுகிறார் (குறுந். 100). காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினும் உருக்குலையாத பாவைபோலத் தலைவி நெஞ்சைவிட்டு நீங்காள் என்பது பரணர் பாடல் (நற். 201). நற்றிணை 185இல் கொலை பேசப்படுகிறது. எனினும் அது காதல் நோயால் வருந்தும் தலைவனின் கூற்றேயாகும். பிற்கால மரபில் இவ்வுருவகம் நிகழ்ச்சியாக மாறுகிறது. முனிவரைக் காக்க அமைக்கப்பட்ட பாவை, அரக்கர் அணுகும்போது நகைத்து மயக்கிக் கொல்கிறது. அங்கும் பாவை காவல் தெய்வமே.

செய்வினை நம்பிக்கை

கண்ணேறு தீய எண்ணம் இல்லாதவராலும் நேரும். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டால் கழியும் என்பர். செய்வினைக்கோ 'செய்தவர்' ஒருவர் இருந்தே ஆகவேண்டும். பில்லி, ஏவல், சூனியம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே மாடு இறப்பினும் தொழில் நொடிப்பினும், 'ஏன்' என்னும் வினா 'யார்' என்னும் வினாவாகிறது. ஆப்பிரிக்க அசாண்டே மக்களைப் பற்றி இவான்ஸ்-பிரிச்சர்டு 1937இல் வெளியிட்ட நூல் இதனைத் தெளிவாக்குகிறது. கறையான் அரித்ததால் களஞ்சியம் சரிந்தது என்பதை அம்மக்கள் அறிவர். அது சரிந்த வேளையில் இன்னார் அதனடியில் இருந்தது ஏன் என்பதற்கே சூனியத்தை விடையாகக் கொண்டனர். அத்தகைய விடை பெரும்பாலும் பகை கொண்ட உறவினரையோ அயலாரையோ சுட்டும்.

வெறியாட்டு

நோயின் காரணத்தைப் பிழைபடக் கணிப்பதைச் சங்க இலக்கியமே காட்டுகிறது. மகளின் மெலிவு முருகால் நேர்ந்தது எனக் கருதித் தாய் வேலனை அழைக்கிறாள். உண்மைக் காரணம் காதல் என்பதைத் தோழி அறிவாள். அதனை அறியாமல் வெறியாட்டுக் களத்துக்கு வந்த முருகனையே அவள் அறியாமை உடையவன் என்கிறாள் (நற். 34). கணிப்பை ஐயுறுதலும் தமிழ் மரபின் பகுதியே என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

பாவைக் கதை அண்டை வீட்டார் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. செய்வினைக் கூற்று சாட்டுகிறது. சூனியக்காரி எனப் பெண்ணைச் சுட்டுவதைக் குற்றமாக்கிப் பீகார் 1999இல் சட்டம் இயற்ற நேர்ந்தமை, அத்தகைய பழி எவ்வளவு கொடிய விளைவைத் தரும் என்பதை உணர்த்தும். எனவே வட்டாரக் கதைகளைத் தொகுப்போர், கதையைப் பதிவுசெய்வதோடு, உயிருடன் உள்ளோர் மீது சுமத்தப்படும் பழியைக் கதையிலிருந்து பிரித்துக் காட்டுதலும் வேண்டும்.