புகை, நெருப்பு, கோப்பு: நோயுற்ற போலீஸ்காரரின் ஓய்வூதியம் குறித்து

போலீஸ்காரனுக்கு நோய் வந்தால் நமக்கென்ன? இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த வாசகர்களில் பலர் இப்படித்தான் கேட்பார்கள். லத்தியடி வாங்கியவர்கள் கேட்கும்போது மறுத்துப் பேசவும் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் நியூயார்க் நகரப் போலீஸின் இயலாமை ஓய்வூதியச் சட்டங்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம். உடலையும் அதிகாரத்தையும் பற்றி நாம் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள் அங்கே இடறுகின்றன.

உடல் கெட்டு வேலையை விடும் காவலருக்கு அங்கே இரண்டு வழி. ஒன்று சாதாரண இயலாமை. இதில் கிடைப்பது சம்பளத்தில் பாதி, சேவைக்காலம் குறைவென்றால் அதற்கும் கீழே. மற்றொன்று விபத்து இயலாமை. 2001இல் பணியில் இருந்தவர்களுக்கு இது சம்பளத்தில் நான்கில் மூன்று பங்கு. வருமான வரியும் இல்லை. எந்த வழி என்பதை மருத்துவக் குழுவும் அதற்கு மேலே ஓர் அறங்காவலர் குழுவும் தீர்மானிக்கின்றன. ஆக எல்லாம் ‘விபத்து’ என்ற ஒற்றைச் சொல்லில் போய்த் தொங்குகிறது. பணியில் அடிபட்டால் மட்டும் போதாது. அடி திடீரென்று, எதிர்பாராமல், வழக்கத்துக்கு மாறாக நேர்ந்திருக்க வேண்டும். காரின் கண்ணாடியில் அபராதச் சீட்டை வைக்கக் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டதை விபத்தல்ல என்றது 1982இல் வந்த ஒரு தீர்ப்பு. ஈரத் தரையில் வழுக்கியதை விபத்துதான் என்றது 1984இல் வந்த இன்னொன்று. குனிவது வேலையின் பகுதியாம், வழுக்குவது அப்படியில்லையாம். சொற்பொருள் ஆராய்ச்சி செய்கிற நம் புலவர்கள் தோற்றார்கள் போங்கள்!

அடிக்காவது ஒரு கணம் உண்டு. நோய்க்கு அதுவும் இல்லை. இருபது வருஷம் இரவுப் பணி பார்த்தவருக்கு மாரடைப்பு வருகிறது. வேலையால் வந்ததா, புகைத்ததால் வந்ததா, அப்பனிடமிருந்து வந்ததா? எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அறிய முடியாத ஒன்றை நிரூபி என்று நோயாளியிடம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் அவர்தான் தோற்பார். இந்த இடத்தில்தான் சட்டம் ஓர் உத்தியைக் கொண்டுவந்தது. நியூயார்க் தொழிற்சங்கத்தார் பேச்சில் அதற்கு ‘இதய மசோதா’ என்று பெயர். வேலைக்குச் சேரும்போது நடந்த உடற்பரிசோதனையில் இதயக் கோளாறு இல்லையென்று பதிவாகியிருந்து, பின்னால் அது வந்தால், பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லையென்பவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும். இதற்குச் சட்ட அனுமானம் என்று பெயர்.

அனுமானம் நமக்குப் புதிய சொல்லல்ல. மலைமேல் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்ற தருக்கத்தை மணிமேகலையில் அறவண அடிகள் பாடமாகவே நடத்துகிறார். அது அறிவின் வழி. கண்டதைக் கொண்டு காணாததை அடைவது. சட்டத்தின் அனுமானம் வேறு சாதி. நெருப்பு இருக்கிறதா என்று அது தேடிப் போவதில்லை. இல்லையென்று யாராவது காட்டும்வரை இருப்பதாகவே நடந்துகொள் என்று உத்தரவு போடுகிறது. உண்மை என்ன என்பதைவிட, தெரியாமையின் சுமையை யார் தூக்குவது என்பதுதான் அதன் கேள்வி.

2001 செப்டம்பர் 11இல் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்தபோது 23 நியூயார்க் போலீஸார் இறந்தனர். பொடிந்த கான்கிரீட், கண்ணாடி இழை, கல்நார் எல்லாம் கலந்த தூசியை மாதக்கணக்கில் சுவாசித்து, அதற்குப் பிந்திய வருஷங்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. தாக்குதல் நடந்த ஒரே வாரத்தில் காற்று பாதுகாப்பானது என்று அறிவித்தது மத்தியச் சுற்றுச்சூழல் நிறுவனம். அப்படிச் சொல்லப் போதிய தரவு அதனிடம் இருக்கவில்லை என்று அதன் தணிக்கைப் பிரிவே 2003இல் எழுதியது. அரசே ‘மூச்சு விடு’ என்றது. விட்டார்கள். பிறகு இருமினார்கள்.

2005இல் நியூயார்க் மாநிலம் இதய மசோதாவின் உத்தியைத் தூசிக்கும் நீட்டித்தது. மீட்புப் பணியிலோ துப்புரவுப் பணியிலோ குறித்த நேரம், பொதுவாக 40 மணி, இருந்தவர்களுக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால் அவை அந்தப் பணியால் வந்தவையே. நோய் மெதுவாக வருவது என்பதால், சாதாரணமாக ஓய்வு பெற்றுப் போனவர்களும் திரும்பி வந்து விபத்து வகைக்கு மாற 2006இல் வழி செய்யப்பட்டது.

சட்டம் வந்துவிட்டது, குழு மாறவில்லை. ‘இந்தப் புற்று 2001க்கு முன்பே இருந்திருக்கும்’ என்று எழுதி மனுக்களைத் தள்ளினார்கள். மூன்று காவலர்களின் வழக்கில் 2012இல் மாநில உயர் மேல்முறையீட்டு மன்றம் தெளிவாகச் சொன்னது: காரணத்தை நிரூபிக்க இவர்கள் ஒரு துரும்பையும் எடுத்துப்போட வேண்டியதில்லை, மறுக்கும் சான்று நிதியத்திடம் இருக்கிறதா, இல்லையா? இருந்ததெல்லாம் ஊகம்தான்.

ஜேம்ஸ் சட்ரோகாவின் கதை இன்னும் சிக்கலானது. துப்பறியும் காவலர். இடிபாடுகளில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வேலை செய்தவர். நகரமே 2004இல் இயலாமை ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. 2006 ஜனவரியில் 34 வயதில் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்த நியூஜெர்சி மருத்துவர் காரணம் தூசிதான் என்றார். 2007இல் நியூயார்க் நகரத் தலைமைப் பிணக்கூறாய்வாளர் சார்ல்ஸ் ஹிர்ஷ் அதே நுரையீரல் திசுவைப் பார்த்து, உள்ளே இருப்பது தூசி அல்ல, மாத்திரையைப் பொடித்து ஊசியாகப் போட்டுக்கொண்டதன் மிச்சம் என்றார். குடும்பம் மறுத்தது. இவருக்கு முன்னால் அதே பதவியில் இருந்த மைக்கேல் பேடன் கண்ணாடி இழைகளைச் சுட்டிக்காட்டிக் குடும்பத்தின் பக்கம் பேசினார். மேயர் ப்ளூம்பெர்க் இவரை நாயகன் அல்ல என்று சொல்லிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஒரே நுரையீரல், மூன்று வாசிப்பு. பிரதிக்குப் பல வாசிப்பு என்று நாம் கொண்டாடுவோமே, அது பிணவறையில் நடந்தால் இப்படித்தான் இருக்கும்: ஒவ்வொரு வாசிப்புக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் மானமும் மாதச் செலவும். 2011 ஜனவரியில் கையெழுத்தான மத்திய மருத்துவ, இழப்பீட்டுச் சட்டத்துக்கு இவர் பெயரையே வைத்தார்கள். அந்தத் திட்டத்தின் பொறுப்பாளர்கள் 2011இல் புற்றுநோயைச் சேர்க்கச் சான்று போதாது என்றார்கள். 2012இல் சுமார் 50 வகைப் புற்றுகளைச் சேர்த்தார்கள்.

ஏமாற்று நடக்கவில்லையா? நடந்தது. போலி மன நோய் சொல்லி மத்தியச் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை வாங்கியதாக 2014 ஜனவரியில் நூற்றுக்கு மேற்பட்டோர்மீது குற்றச்சாட்டு பதிவானது. பெரும்பாலோர் ஓய்வுபெற்ற போலீஸார். செப்டம்பர் 11ஐக் காரணம் காட்டியவர்களும் அதில் உண்டு. சுமையை இடம் மாற்றினால் கள்ளர்களும் சிலர் நுழையத்தான் செய்வார்கள். மாற்றாவிட்டால் நோயாளிகளில் பெரும்பாலோர் வெளியே நிற்பார்கள். இரண்டில் எதைப் பொறுப்பது என்பது அரசியல் முடிவு. மருத்துவம் அதற்குப் பதில் சொல்லாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த நுழைவுப் பரிசோதனைத் தாள். உடலை அளந்து, எழுதி, கோப்பில் போடுவது கண்காணிப்பு என்று ஃபூக்கோவை வைத்து எவ்வளவோ எழுதிவிட்டோம். தவறில்லை. ஆனால் இங்கே காவலரைக் காப்பாற்றுவது அந்தக் கோப்புதான். ‘உன்னிடம் வந்தபோது நான் நன்றாக இருந்தேன், நீயே எழுதி வைத்திருக்கிறாய்’ என்று அரசின் கையெழுத்தையே அரசிடம் திருப்பிக் காட்ட முடிகிறது. அனுமானம் காற்றில் நிற்பதில்லை, இந்தத் தாள்மேல்தான் நிற்கிறது.

அதே தூசியை வேறு சிலரும் கூட்டிப் பெருக்கினார்கள். சுற்றியிருந்த அலுவலகங்களையும் வீடுகளையும் சுத்தம் செய்யத் தெருமுனையில் நாள்கூலிக்கு அழைத்துக்கொண்டு போகப்பட்ட குடியேறிகள். பலரிடம் குடியுரிமைத் தாள் இல்லை, முகமூடியும் கொடுக்கப்படவில்லை. 2002 தொடக்கத்தில் தொழிலாளர் அமைப்புகள் ஒரு மருத்துவ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது 400க்கு மேற்பட்டோர் வந்து காட்டிக்கொண்டார்கள். இவர்களுக்கு நுழைவுப் பரிசோதனை கிடையாது, பணிப்பதிவேடு கிடையாது, ஓய்வூதிய நிதியம் கிடையாது. ஆகவே எந்த அனுமானமும் இவர்கள்மேல் வந்து ஒட்டாது. 2011க்குப் பிந்திய மத்திய மருத்துவத் திட்டத்தில் துப்புரவு செய்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் தான் அங்கே வேலை செய்ததை ஒருவர் முதலில் காட்ட வேண்டும். கையில் காசு வாங்கிக்கொண்டு மறுநாள் வேறு முனையில் போய் நின்றவர், கூட வேலை செய்தவர் யாரையாவது தேடிப்பிடித்துச் சாட்சி எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.