பலாக்கொட்டைப் பலகாரம்

மா, பலா, வாழை என்னும் மூன்றனையும் முக்கனி எனச் சிறப்பித்துக் கூறுதல் தமிழர் வழக்கு. இவற்றுள் நாம் உண்ணும் வாழைக்கு வித்தில்லை என்றே சொல்லலாம். மாவின் வித்து, கனியைச் சுவைத்தபின் பெரும்பாலும் குப்பைமேட்டையே சேர்கின்றது. பலாவின் இயல்போ வேறு. அஃது இனிய சுளையைத் தருவதோடு அமையாமல், அச்சுளைக்குள் மற்றோர் உணவையும் பொதிந்து வைத்துத் தருகின்றது. எனினும் அதனை உணவென்று எண்ணாதார் பலர். கோடைக்காலத்தில் பலாச்சுளை விற்கும் இடங்களைச் சுற்றி, தின்றவர் உமிழ்ந்த கொட்டைகள் மண்ணில் மிதிபட்டுக் கிடப்பதே இதற்குச் சான்றாகும்.

இவ்விழப்புச் சிறிதன்று. ஒரு பழத்தில் 100 முதல் 500 வரை கொட்டைகள் இருத்தல் கூடும். பழத்தின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கொட்டையே ஆகும். 20 கிலோ எடையுள்ள பழம் ஒன்றை அறுத்தால், 2 கிலோ அளவு கொட்டை கிடைக்கும். அதனைப் பக்குவம் அறிந்து சமைப்பின், குழம்பும் பொரியலும் ஆகும். எண்ணெயில் இட்டால் வறுவலும் முறுக்கும் வடையும் ஆகும்.

பலா, ஆலும் அத்தியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த மரம். பார்வைக்கு ஒரே பழமாகத் தோன்றினும், உண்மையில் அது பல பூக்கள் ஒன்றுகூடித் திரண்ட கூட்டுக்கனி. கருவுற்ற பூ ஒவ்வொன்றும் ஒரு சுளையாகின்றது. கருவுறாத பூக்களே சுளைகளுக்கிடையே நாடா நாடாவாகக் காணும் சக்கை. சுளையின் உள்ளே இருக்கும் கொட்டைக்கு இரண்டு தோல்கள் உண்டு. மேலே இருப்பது வெண்மையான, காகிதம் போன்ற தடித்த தோல். அதனை நீக்கினால், பருப்பை இறுகப் பற்றியிருக்கும் மெல்லிய பழுப்புத் தோல் தெரியும். பருப்பில் மிகுதியாக உள்ளவை மாப்பொருளும் நீருமே. புரதமும் ஓரளவு உண்டு. ஆகவே, இதனை நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளோடு சேர்த்து எண்ணாமல், கிழங்குகளோடும் தானியங்களோடும் ஒப்பிடுவதே பொருந்தும்.

பலாவைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். பாரியின் பறம்பு மலை, உழவர் உழாமலே தரும் நான்கு பயன்களைக் கபிலர் புறநானூற்றில் எடுத்துரைக்கின்றார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பனவே அவை. மூவேந்தர் முற்றுகையிட்ட காலத்திலும் மலை தன் மக்களுக்குச் சோறிடும் என்பது புலவர் கருத்து. இக்காலத்தில் கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டியும், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையும், குமரி மாவட்டமும் பலாவுக்குப் பெயர் பெற்றவை. நாஞ்சில் நாட்டார் பலாவைச் சக்கை என்று வழங்குவர். அண்டை நாடாகிய கேரளத்திலும் அப்பெயரே வழங்குகின்றது. பலாப்பழத்தைத் தன் மாநிலப் பழமாகக் கேரள அரசு 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் அதுவே.

சுளை சில நாட்களில் அழுகிவிடும், கொட்டையோ காத்திருக்கும். கோடையில் கிடைத்த கொட்டைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, செம்மண் குழம்பில் புரட்டியோ மணலில் புதைத்தோ மழைக்காலம் வரை வைத்திருந்து உண்ணுதல் சிற்றூர் மக்களின் பழக்கம். மண்பூச்சு, கொட்டையின் ஈரம் முற்றும் வெளியேறாதபடியும் பூச்சிகள் எளிதில் அணுகாதபடியும் காக்கின்றது. அவ்வாறு வைத்தவற்றுள் சில முளைத்துவிடுவதும் உண்டு. பலா வித்து நெல்லைப் போன்றதன்று. முற்றக் காய்ந்தால் அதன் உயிர் போய்விடும். எனவே நடுவதற்குரிய கொட்டைகளை ஈரம் உலருமுன் ஊன்றிவிடுதல் வேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூர்க் கரையைத் தாக்கிய தானே புயல், பண்ணுருட்டிப் பகுதியில் எண்ணற்ற பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் வேரோடு சாய்த்தது. வித்திலிருந்து வளரும் பலா காய்ப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். ஆதலின் நல்ல மரத்துக் கொட்டைகள் அனைத்தையும் வாணலிக்கே அனுப்பிவிடாமல், சிலவற்றை மண்ணுக்கும் ஒதுக்குதல் அறிவுடைமை.

இனிச் சமைக்கும் முறைக்கு வருவோம். பலாக்கொட்டையைப் பச்சையாக உண்ணலாகாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்று அதில் இருக்கின்றது. வெப்பத்தால் அதன் ஆற்றல் குன்றும். நன்றாக வெந்த கொட்டையும் சிலர்க்கு வயிற்றில் வாயுவை உண்டாக்கும். பெருங்காயமும் இஞ்சியும் பூண்டும் இதனோடு சேர்க்கப்படுவது மணத்துக்காக மட்டுமன்று. முழுக் கொட்டையை அப்படியே நெருப்பில் இட்டுச் சுடுவதும் இடர் தருவது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றித் தோலைப் பிளந்துகொண்டு வெடிக்கும். சூடான துண்டுகள் கண்ணிலும் முகத்திலும் தெறிக்கும். கத்தியால் ஒரு கீறல் இட்டுவிட்டால் ஆவிக்கு வழி உண்டாகிவிடும். அடுப்பங்கரையில் பெரியோர் இதனைச் சொல்லாமல் விடுவதில்லை. பிள்ளைகள்தாம் கேளாமல் விடுகின்றனர்.

பழத்தை அறுக்கும்போது கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளுதல் வேண்டும். பலாப்பால் நீரில் கரைவதன்று. எண்ணெய்க்கே அது விட்டுக்கொடுக்கும். எடுத்த கொட்டைகளை நன்கு கழுவி, ஓரிரு நாள் காற்றாட வைத்தால் வெண்தோல் சுருங்கி எளிதில் உரியும். பழுப்புத் தோலில் சிறிது துவர்ப்பு உண்டு. குழம்புக்கு அஃது இருப்பினும் குற்றமில்லை. எண்ணெயில் இடும் பண்டத்துக்குச் சுரண்டி எடுத்துவிடுவது நன்று.

வறுவலுக்குக் கொட்டைகளை அரைவேக்காடாக வேகவைத்தல் வேண்டும். பச்சைக் கொட்டையைச் சற்றுத் தடிப்பாக நறுக்கிப் பொரித்தால், மாப்பொருள் வேகுமுன் நீர் ஓடிவிடும். வறுவல் பல்லுக்குக் கல்லாகும். முழுதும் வெந்துவிட்டாலோ, நறுக்கும்போதே மாவாக உதிரும். விரலால் அழுத்தினால் சிறிதே இடங்கொடுக்கும் பதமே பதம். அப்பதத்தில் எடுத்து ஆறவைத்து, நீளவாட்டில் மெல்லிய வில்லைகளாகச் சீவி, தூய துணியின்மீது பரப்பி ஈரத்தை ஒற்றி எடுத்தல் வேண்டும். வில்லைகள் ஒரே தடிப்பாக இருத்தல் இன்றியமையாதது. தடிப்பு வேறுபட்டால், மெல்லியவை கருகும்போது தடித்தவை வேகாமல் நிற்கும்.

பொரித்தல் என்பது எண்ணெயில் நனைத்தல் அன்று. பண்டத்திலுள்ள நீரை வெளியேற்றுதலே ஆகும். நீர் 100 பாகை செல்சியசு வெப்பத்தில் கொதிக்கும். வாணலியில் காய்ந்த எண்ணெயோ 170 முதல் 180 பாகை வரை சூடேறியிருக்கும். வில்லை அதனுள் விழுந்தவுடன், அதிலுள்ள நீர் ஆவியாகி மேலெழுகின்றது. நாம் காணும் குமிழிகள் எண்ணெயின் கொதிப்பல்ல, வெளியேறும் நீராவியே. ஆவி வெளிநோக்கி வீசும்வரை எண்ணெய் உள்ளே மிகுதியாகப் புக இயலாது. எண்ணெய் போதிய அளவு காயாவிடின், ஆவியின் வீச்சுத் தளர்ந்து பண்டம் நெடுநேரம் எண்ணெயில் கிடக்கும். நெய்ப்பு ஏறிக் கையில் ஒட்டும். அளவு மீறிக் காய்ந்தாலோ, மேற்புறம் சிவந்து உட்புறம் ஈரமாகவே இருக்கும். குமிழிகள் குறைந்து, சலசலப்பு அடங்கி, வில்லைகள் ஒன்றோடொன்று உரசும்போது காய்ந்த சருகின் ஓசை எழுந்தால், நீர் போய்விட்டது என்று அறியலாம். தேர்ந்த கையினர் இதனைக் கண்ணைவிடக் காதினாலேயே அறிவர்.

இன்னொரு செய்தியும் உண்டு. வறுவலில் சேரும் எண்ணெயின் பெரும்பகுதி, அதனை வெளியே எடுத்து ஆறவிடும்போதே உட்புகுகின்றது. பண்டம் குளிரக் குளிர, உள்ளே எஞ்சிய ஆவி சுருங்கி, மேற்பரப்பிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் எடுத்தவுடன் சூடு ஆறுமுன்னரே கண்கரண்டியில் உதறி வடியவிடுதல் வேண்டும். உப்பும் மிளகாய்த்தூளும் பெருங்காயமும் அப்போதே தூவப்பட்டால் நன்றாகப் பற்றும். நேந்திரங்காய் வறுவல் செய்வோர் உப்பு நீரைக் கொதிக்கும் எண்ணெயிலேயே தெளிப்பதைக் காணலாம். அது நெடுநாள் பழகியவர்க்கே உரிய செயல். வேடிக்கை பார்ப்பவரும் எட்டி நிற்பதே நலம்.

முறுக்குக்குக் கொட்டையை முழுதும் வேகவைத்து விழுதாக அரைத்தல் வேண்டும். விழுது ஒரு பங்குக்கு அரிசிமாவு இரண்டு பங்கும், வறுத்தரைத்த உளுத்தமாவு கால் பங்கும் கொள்ளலாம். உப்பு, சீரகம் அல்லது எள், சிறிது வெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைதல் வேண்டும். விழுதிலேயே நீர் மிகுதியாக இருப்பதால், தனியே நீர் வார்க்க வேண்டிய தேவை அரிதாகவே நேரும். நேரினும் கையால் தெளிப்பதே போதும். விழுதில் சிறு கட்டி இருந்தாலும் உரலின் துளை அடைபடும். அதனினும் பெருந்தீங்கு, கட்டிக்குள் அடைபட்ட ஈரம் எண்ணெயில் ஆவியாகி வெடித்தலாகும். சீடை வெடிப்பதும் ஏறத்தாழ இக்காரணத்தாலேயே. ஆதலின் இம்மாவில் சீடை உருட்ட விரும்புவோர் விழுதைச் சல்லடையில் தேய்த்து எடுத்து, உருண்டைகளை இறுக்காமல் மென்மையாக உருட்டி, துணியில் சிறிது நேரம் உலரவிட்ட பின்னரே எண்ணெயில் இடுவர்.

வடைக்கு இத்துணைக் கவலை இல்லை. வெந்த கொட்டையைக் கொரகொரப்பாக இடித்து, ஊறவைத்து அரைத்த கடலைப்பருப்போடு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை கலந்து தட்டி எடுக்கலாம். உள்ளே ஈரம் நிற்பதால் வடை அன்றைக்கே உண்ணத்தக்கது.

வறுவலும் முறுக்கும் அவ்வாறல்ல. நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு வைத்தால் பல நாள் இருக்கும். ஆறுமுன் மூடினால் ஆவி உள்ளேயே நீராகி, செய்த வேலையைக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தாலும் நமுத்துப்போகும். நமுத்த வறுவலை மீண்டும் எண்ணெயில் இட வேண்டுவதில்லை. வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினால் ஈரம் நீங்கி மொறுமொறுப்பு மீளும். எண்ணெய் காறிப்போன வறுவலுக்கோ மாற்று இல்லை. மூக்கின் அருகே கொண்டு சென்றாலே அது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.