பாலாற்றங்கரையில் ஓர் ஆஸ்பத்திரி

கோயில் சுவரில் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில், மலையடிவாரத்து ஊர் பழையசீவரம். மேலே நரசிம்மர் கோயில், கீழே பாலாறு. அக்கரையில் திருமுக்கூடல் பெருமாள் கோயில். 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழர் காலத்தில், இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, இருந்தது என்கிறது சுவரில் உள்ள கல்வெட்டு. வைத்தியருக்குச் சம்பளம், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள்... ராத்திரி விளக்குக்கு எண்ணெயைக்கூட மறக்கவில்லை, பாருங்களேன்! வேளச்சேரிக்காரர்கள் தாம்பரம் போய், காஞ்சிபுரம் மின்சார ரயிலைப் பிடித்தால் பழையசீவரத்திலேயே இறங்கலாம். மாட்டுப் பொங்கலன்று போனால், காஞ்சி வரதராஜப் பெருமாளும் அங்கே வந்திருப்பார்!