கத்திரி வெயிலில் சைக்கிள் சவாரி

“கோடை வந்தால் எல்லோரும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய், குளிரில் நடுங்கிவிட்டு வந்து கட்டுரை எழுதுகிறார்கள். நீர் உம்முடைய புதுக்கோட்டைப் பக்கம் போய்ச் சைக்கிள் விட்டுவிட்டு வாருமே!” என்றார் ஆசிரியர்.

அது சலுகையா, தண்டனையா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கினி நட்சத்திரம் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. சென்னையில் தார் ரோடு இளகி, நடப்பவர்களின் செருப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. எப்படியும் வேகத்தான் போகிறோம். சொந்தச் சீமையில் போய் வேகலாமே என்று அன்று இரவே ரயிலேறிவிட்டேன்.

புதுக்கோட்டையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பாறை, பொட்டல், கருவேல முள் - இவ்வளவுதான் அங்கே விளையும் என்பார்கள். முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை. வருஷம் முழுவதும் தண்ணீர் ஓடுகிற ஆறு அந்தப் பக்கத்தில் கிடையாது. மழையை நம்பி முன்னோர்கள் வெட்டிவைத்த கண்மாய்கள்தாம் கதி. ஆனால் சைக்கிள்காரனுக்கு இதைவிடச் சிறந்த பூமி வேறில்லை என்று அடித்துச் சொல்வேன். மூச்சு முட்டும் ஏற்றம் கிடையாது. கண்மாய்க்குக் கண்மாய் உயர்ந்த கரை, கரை மேல் வண்டித் தடம், தடத்தின் ஓரத்தில் வரிசையாகப் பனைமரங்கள். பின்னால் வந்து ஹாரன் அடித்து உயிரை வாங்க லாரியும் இல்லை, காரும் இல்லை. எதிரே ஓர் ஆட்டு மந்தை வந்தால் காலை ஊன்றி நின்று வழிவிட வேண்டும். அவ்வளவுதான் அங்கே போக்குவரத்துச் சட்டம்.

என் சின்னம்மாவின் ஊர் அன்னவாசலுக்குச் சில மைல் தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் கோடை விடுமுறை முழுவதும் அங்கேதான் கழிப்பேன். குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியதும் அங்கேதான். கற்றுக்கொடுத்த குருவும் சாட்சாத் சின்னம்மாதான்.

போய்ச் சேர்ந்ததும் சைக்கிள் வேட்டையில் இறங்கினேன். சின்னம்மாவின் மகனிடம் மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. கடைசியில் அடுத்த வீட்டுப் பெண் மனமிரங்கினாள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேடீஸ் சைக்கிள் அது. முன்னால் ஒரு கூடை. “லீவு முடிஞ்சு பஞ்சர் இல்லாம வேணும் அண்ணே” என்று நிபந்தனை விதித்துச் சாவியைக் கொடுத்தாள்.

“உங்க பழைய சைக்கிள் என்ன ஆச்சு, சின்னம்மா?” என்று கேட்டேன்.

“கொட்டகையிலதான் இருக்கு தம்பி. இவன் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுறணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்.”

தம்பி உடனே வழக்கை என்னிடம் கொண்டுவந்தான். “நீங்களே சொல்லுங்கண்ணே. போன வருஷம் பூரா அம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாதுன்னுட்டாரு. அம்பத்து நாலு வயசுல சைக்கிள்ல போயி விழுந்து வச்சா யார் பார்க்கிறது?”

“மாடிப்படிதானேடா ஏறக் கூடாதுன்னாரு? நம்ம வீட்டுல மாடியே இல்லையே!” என்றாள் சின்னம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. தாயும் மகனும் வாதாடும்போது தீர்ப்புச் சொல்லப் போகிறவனுக்குச் சாப்பாடு இரண்டு பக்கத்திலும் கிடைக்காது. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பார் வைத்த கறுப்பு ஆண்கள் சைக்கிள். தொங்கவிட்டிருந்த வண்டி என்று சொல்ல முடியாது. செயினில் எண்ணெய் இருந்தது. டயரில் காற்று இருந்தது. வாராவாரம் யாரோ துடைத்துவைக்கிறார்கள் என்று தெரிந்தது. யாரென்று கேட்கவில்லை.

அந்தச் சைக்கிளின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். இன்றைய வாசகிகளுக்கு ‘பெண் சைக்கிள் ஓட்டினாள்’ என்பது ஒரு செய்தியாகவே படாது. 1990 வாக்கில் புதுக்கோட்டைக் கிராமங்களில் அது சாதாரணச் செய்தி அல்ல, வம்பு! 1991-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. படிக்காதவர்களுக்கு எழுத்தறிவிக்கும் இயக்கம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அ, ஆ தெரிந்து என்ன பயன், ஊரைவிட்டு நகர ஒரு ஆண்பிள்ளையின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால்? சைக்கிள் கற்கச் சொல்லிப் பாட்டுக்கூடக் கட்டினார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் ஜல்லி உடைப்பவர்கள், ஆயாக்கள், ஆசிரியைகள் எல்லோரும் பொட்டலில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். 1992-ல் மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் ஹாண்டில் பாரில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தபோது, கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-ல் வெளியிட்ட தம் நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அறிவொளி நடத்திய போட்டிகளிலும் காட்சிகளிலும் எழுபதாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டிக்காட்டியதாக அவர் எழுதுகிறார்.

அந்தக் கூட்டத்தில் இருபத்தொரு வயதில் எங்கள் சின்னம்மாவும் ஒருத்தி. அப்போது ஜல்லி உடைக்கும் வேலை. லேடீஸ் சைக்கிள் எளிதில் கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினாள். பிறகு லேடீஸ் சைக்கிள் வந்தபோதும் மாற்றிக்கொள்ளவில்லை. பார் இருந்தால்தானே குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாம்!

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு நான் கூடை வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால், சின்னம்மா தன் வண்டியோடு தெருவில் நிற்கிறாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கேரியரில் நீச்சத்தண்ணீர்ப் பாட்டிலும் கைப்பம்பும் கட்டியிருந்தது.

“அவன் எந்திரிக்கிறதுக்குள்ள கிளம்பு தம்பி” என்றாள்.

இரண்டு மூன்று தப்படி வைத்து, பெடலில் ஏறி, காலை வீசிச் சீட்டில் அமர்ந்தாள். அந்தக் காட்சியில் முழங்கால் வலி எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. பின்னால் லேடீஸ் சைக்கிளில் நான்! ஊர்க் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதை வாசகர்கள் யூகித்துக்கொள்ளலாம்.

விடிவதற்கு முன் கண்மாய்க் கரையில் சைக்கிளில் போகும் சுகத்தைச் சொல்லி மாளாது. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஆனாலும் நடுவே ஒரு பள்ளத்தில் ஈரம் இருந்தது. அங்கிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கௌதாரிகள் தடத்தில் ஓடி, சைக்கிள் மோதுகிற சமயத்தில் புதருக்குள் பாய்ந்தன. வேப்பம் பழத்தின் வாசனை. தூரத்தில் ஒரு மயில் அகவியது. வேகமாகப் போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. மோட்டாரில் போகிறவனுக்கு ஊர் தெரியும், வழி தெரியாது. நடந்து போகிறவனுக்கு வழி தெரியும், ஊர் வந்து சேராது. சைக்கிள் இரண்டுக்கும் நடுவே.

கரையைவிட்டு இறங்கினால் தைலமரக் காடு. வெளியூர்க்காரர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். நிழலைப் பார்த்து நான் மெச்சினேன். சின்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “பார்க்க அழகாத்தான் இருக்கும். இதுக்குள்ள வெட்டியிருக்கிற வரப்பும் குழியும் மழைத் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிருது. கண்மாய்க்கு எங்கேருந்து தண்ணி வரும்?” என்றாள். மாவட்டத்து விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை இது. பெடலை மிதித்துக்கொண்டே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

காட்டைத் தாண்டியதும் அந்தக் கண்மாயின் கலுங்கு. மழைக்காலத்தில் உபரித் தண்ணீர் வழிந்து போகிற கல் தளம். தடம் அதன் மேல்தான் போகிறது. இப்போது காய்ந்து, பல்லிளித்துக் கிடந்தது. சின்னம்மா பிரேக்கைப் பிடித்து இறங்கினாள்.

“கால் வலிக்குதா?”

“இல்ல தம்பி. இந்த எடம் வந்தா எறங்கிருவேன். பழக்கம்.”

கலுங்குக் கல்லில் உட்கார்ந்து சொன்னாள். 1996 ஐப்பசி. சித்தப்பா வேலைக்கு வெளியூர் போயிருந்தார். மூன்று வயதுப் பையனுக்கு ராத்திரி ஜுரம் கொதித்து, கண் செருகிவிட்டது. கடைசி பஸ் போய்விட்டது. வண்டி வைத்திருந்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தாள்; விடியட்டும் என்றார்கள். பையனைப் பாரில் உட்கார வைத்து, முந்தானையால் தன் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அன்னவாசல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். டைனமோ வெளிச்சம் மிதித்தால்தான் எரியும். கலுங்குக்கு வந்ததும் கால் நின்றது, விளக்கும் அணைந்தது. இருட்டில் தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

“முழங்காலுக்கு மேல தண்ணி. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒத்தக் கையால சைக்கிளத் தள்ளிக்கிட்டு இறங்கிட்டேன். நடுவுல சைக்கிள் ஒரு இழுப்பு இழுத்துச்சு பாரு! விட்டுறலாம்னு நெனச்சேன். விட்டா அக்கரையிலேருந்து எப்படிப் போறது? விடல.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“சைக்கிள்ல தூக்கிட்டுப் போனது தெரியும். தண்ணியில இறங்குனத சொன்னதில்ல. சொன்னா இப்பவும் திட்டுவான்.”

எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுதிக்க” என்றாள்.

சித்தன்னவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் பாறை மேல் ஒரு முழம் ஏறியிருந்தான். மலையின் ஒரு பக்கம் ஏழடிப்பாட்டம்: இயற்கையான குகை, அதற்குள் சமணத் துறவிகளுக்காக வழவழவென்று செதுக்கிய பதினேழு கற்படுக்கைகள், பழைய தமிழ் பிராமிக் கல்வெட்டு. பாறையை ஏறி இறங்க சின்னம்மாவின் முழங்கால் சம்மதிக்காது. கீழே வேப்ப மரத்தடியில் இருந்துவிட்டாள். நான் மட்டும் ஏறினேன். படுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. தொல்பொருள் இலாகாவின் கம்பி வேலி என் துறவறத்துக்குக் குறுக்கே நின்றது.

மறுபக்கத்துக் குடைவரையான அறிவர் கோயிலுக்கு இருவருமாகப் போனோம். முன்மண்டப விதானத்தில் அந்தப் பிரசித்தமான தாமரைக் குளம். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் குளத்துக்குள் இருக்கிறார்கள். நிறம் மங்கி, சில இடங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. இந்தக் கோடையில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் பார்த்த நிரம்பிய குளம் அது ஒன்றுதான்.

“நான் பொறந்ததுலேருந்து இது ஆறு மைல்ல இருந்திருக்கு தம்பி. சைக்கிள் பழகுன பெறகுதான் மொத மொதல்ல பார்த்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை பதினாலு பொம்பளைங்க கிளம்பி வந்தோம். இங்கே வேலையும் இல்ல, சாமியும் கும்பிடல. சும்மா பார்க்க வந்தோம்” என்றாள். அந்தச் ‘சும்மா’வைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

திரும்பும்போது மணி ஒன்பது. வெயில் முதுகில் உட்கார்ந்துகொண்டது. தடத்தின் ஓரத்தில் ஒரு பாட்டியிடம் பாலைப்பழம் வாங்கித் தின்றோம். தித்திப்புக்குக் குறைவில்லை, ஆனால் பிடிப்பிடியாகத் தின்றால் அதன் பால் உதட்டை ஒட்டிவிடும். நான் தின்றேன், ஒட்டிவிட்டது. அதே நேரத்தில் என் பின் சக்கரம் ‘புஸ்’ என்றது. கருவேல முள்! லீவு முடிந்து பஞ்சர் இல்லாமல் வேண்டும் என்று சொன்ன பெண்ணின் முகம் கண்முன் வந்தது. வாயைத் திறந்து புலம்பவும் வழியில்லை.

சின்னம்மா சைக்கிளைப் படுக்கப் போட்டாள். இடுப்புப் பையிலிருந்து இரண்டு பழைய ஸ்பூன்கள், ஒரு துண்டு ரப்பர், சொல்யூஷன் டியூப் எல்லாம் வந்தன. ஸ்பூன் காம்பால் டயரை நெம்பி டியூபை வெளியே இழுத்தாள். பாறைக் குழியில் குடிதண்ணீரை ஊற்றி முக்கிப் பார்த்து, குமிழி வந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டாள். உப்புத்தாள் இல்லை, பாறையிலேயே தேய்த்து ஒட்டினாள். டயருக்குள் விரலை விட்டு முள்ளை எடுத்தெறிந்துவிட்டுத்தான் டியூபை உள்ளே தள்ளினாள். கால் மணியில் வேலை முடிந்தது. “காத்து கம்மியா அடிக்கிறேன். வெயில்ல டியூப் ஊதிக்கும்” என்றாள்.

கோடையில் சைக்கிளில் கிளம்ப நினைக்கும் வாசகர்களுக்கு அவளுடைய இதர உபதேசங்கள்: ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது குடிக்க வேண்டும்; நீச்சத்தண்ணீரில் உப்புப் போட்டது உத்தமம். சைக்கிளை வெயிலில் நிறுத்தக் கூடாது. பாலைப்பழம் பத்துக்கு மேல் கூடாது.

வீட்டு வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் பழைய இரும்புக்காரரின் மூன்று சக்கர வண்டி! எப்போது வரச் சொன்னானோ தெரியாது. சின்னம்மா மணியடித்துக்கொண்டு வந்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, ஸ்டாண்டு போட்டாள். நேரே உள்ளே போய் ஓர் ஓட்டைக் குடத்தையும் உடைந்த மண்வெட்டியையும் கொண்டுவந்து இரும்புக்காரரிடம் போட்டாள். “இவ்வளவுதான்” என்றாள். அவர் எடை போட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. குனிந்து சைக்கிளின் பின் டயரை விரலால் தடவினான்.

“வெடிச்சுப் போயிருக்கு. இதுலயா இவ்வளவு தூரம் போனீங்க?”

“ஓடுச்சே” என்றாள் சின்னம்மா.

மறுநாள் காலை நான் எழுந்தபோது கொட்டகையில் சைக்கிள் இல்லை. அவனே அன்னவாசல் கடைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். சாயங்காலம் இரண்டு புது டயர்களோடும் புது பிரேக் கட்டைகளோடும் வந்தது. கலுங்குக் கதை அவனுக்கு இன்னும் தெரியாது. அவன் இந்தப் பத்திரிகையைத் தொடுவதில்லை. ஆனால் அவன் மனைவி தொடர்கதைக்காக வாராவாரம் வாங்குகிறாள். ஒரு பக்கம் விடாமல் படிக்கிறவள்.

டயர் பில்லைப் பாதி நான் ஏற்றுக்கொண்டு, பிரயாணச் செலவுக் கணக்கில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். ஆசிரியரிடமிருந்து இதுவரை பதில் இல்லை.