பின்னலும் பேச்சும்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடலுக்கு நடுவில் ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. அதற்கு ஷெட்லாந்து என்று பெயர். சிறிதும் பெரிதுமாகச் சுமார் 100 தீவுகள். அவற்றில் ஏறக்குறைய 16 தீவுகளில்தான் மக்கள் வசிக்கிறார்கள். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் ஜனத்தொகை சுமார் 23 ஆயிரம்தான்.

அங்கே மரங்கள் அபூர்வம். காற்று ஓயாது. மார்கழி மாதத்தில் பகல் பொழுது ஆறு மணி நேரம்கூட இராது. அந்தக் காலத்தில் வீட்டு ஆண்கள் மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்விடுவார்கள். வயல், மாடு, குழந்தைகள் எல்லாம் பெண்களின் பொறுப்பு.

அந்தப் பெண்களுக்குச் சோறு போட்டது கம்பளிப் பின்னல். துணையாக இருந்ததும் அதுதான்.

நடந்துகொண்டே பின்னல்

பின்னல் ஊசியை ஷெட்லாந்துப் பெண்கள் ‘கம்பி’ என்று சொல்வார்கள். இடுப்பில் ஒரு தோல் பட்டை கட்டிக்கொள்வார்கள். அதில் சிறுசிறு துளைகள் இருக்கும். ஊசியின் ஒரு முனையைத் துளையில் செருகிவிட்டால் ஊசி ஆடாது. நடந்துகொண்டே பின்னலாம்.

நம் ஊரில் வறட்டி எரிப்பதுபோல, அங்கே புல்பூண்டு மட்கி இறுகிய மண்கட்டிகளைக் காயவைத்து எரிப்பார்கள். அந்தக் கட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்துகொண்டு பெண்கள் வீடு திரும்புவார்கள். முதுகில் பாரம், கையில் பின்னல்!

அவர்கள் பின்னிய சால்வைகளில் சில மிக மெல்லியவை. ஒரு முழுச் சால்வையைக் கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம்.

கூலி கேட்டால் தேயிலை!

இவ்வளவு பாடுபட்டும் கையில் காசு வரவில்லை. பின்னிய காலுறையையும் சால்வையையும் வியாபாரிகள் வாங்கிக்கொள்வார்கள். பணம் தரமாட்டார்கள். தேயிலையும் துணியும் தருவார்கள். வீட்டில் மாவு இருக்காது. தேயிலைப் பொட்டலம் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய், வேறொருவரிடம் கொடுத்து மாவு வாங்கவேண்டும்.

1872-ஆம் ஆண்டில் அரசாங்க விசாரணைக் குழு இதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. பெண்கள் பலர் குழுவின் முன் வந்து நடந்ததைச் சொன்னார்கள். 1887-இல் சட்டமும் வந்தது. ஆனாலும் அந்த வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

கடலும் இரக்கம் காட்டவில்லை. 1881 ஜூலை மாதம் ஒரு புயலில் 10 படகுகள் அழிந்தன. 58 மீனவர்கள் மாண்டார்கள்.

இத்தனை துன்பத்திலும் அந்தப் பெண்கள் தனித்துப் போகவில்லை. ஒருத்தி வீட்டில் கம்பளி சேர்ந்துவிட்டால் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். எல்லாரும் சேர்ந்து கம்பளியைச் சிக்கெடுத்துச் சீவுவார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரி சாப்பாடு போடுவாள். ஆண்களும் வந்து சேருவார்கள். பிடில் வாசிப்பும் நடனமும் நடக்கும்.

வாயும் சும்மா இராது

ஷெட்லாந்தில் ‘மக்கின் அண்ட் யக்கின்’ என்று ஒரு பேச்சு உண்டு. ‘மக்கின்’ என்றால் பின்னல். ‘யக்கின்’ என்றால் வாய் ஓயாத அரட்டை. இரண்டும் சேர்ந்தே போகும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பழகிய கைக்குக் கண் தேவை இல்லை. கை பின்னும், காது கேட்கும், வாய் பேசும். கூச்ச சுபாவம் உள்ளவளும் கூட்டத்தில் வந்து உட்காரலாம். பேச விஷயம் இல்லையென்றால் பேசாமல் இருக்கலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பின்னலில் ஒரு கண்ணி நழுவிவிட்டால் பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அங்கே ஆரம்பமாகிறது சிநேகம்.

2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியும் இதை ஒட்டியே பேசுகிறது. பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. கூடி உட்கார்ந்து பின்னுவதால் மகிழ்ச்சி கூடுகிறது, மனிதர்களோடு பழக்கம் வளர்கிறது என்று தெரியவந்தது.

நின்றுபோன பாடம்

1970-க்குப் பிறகு ஷெட்லாந்தின் நிலைமை மாறியது. கடலடியில் எண்ணெய் கிடைத்தது. நல்ல சம்பளத்தில் வேலைகள் வந்தன. கண் வலிக்கப் பின்னி அற்பக் கூலி வாங்க யாருக்கு மனம் வரும்? பின்னல் குறைந்தது. 2010-இல் ஆரம்பப் பள்ளிகளில் பின்னல் பாடத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

பாட்டியின் கைவேலை பேத்திக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை பிறந்தது.

அதே 2010-இல் ‘ஷெட்லாந்துக் கம்பளி வாரம்’ என்ற விழா தொடங்கியது. பல நாடுகளிலிருந்து பின்னல் பிரியர்கள் வருகிறார்கள். விழாவுக்கென்று ஒரு குல்லாய் மாதிரி இலவசமாக வெளியிடப்படுகிறது. அவரவர் ஊரில் அவரவருக்குப் பிடித்த நிறத்தில் அதைப் பின்னி அணிந்துகொண்டு வருகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட குல்லாயைப் பார்த்ததும் ‘நம்மவர்’ என்று சிரிக்கிறார்கள்.

2014-இல் ஊர் மக்களே குழந்தைகளுக்கும் வழி செய்தார்கள். ‘பீரி மக்கர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ‘குட்டிப் பின்னல்காரர்கள்’ என்று அர்த்தம். பின்னல் தெரிந்த பெரியவர்கள் சம்பளம் வாங்காமல் கற்றுக்கொடுக்கிறார்கள். பழைய தோல் பட்டை இப்போது பிள்ளைகளின் இடுப்பில் ஏறியிருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் பின்னித்தான் வயிறு வளர்க்கவேண்டும் என்ற நிலை இன்று இல்லை. தேயிலைக்காக யாரும் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. கஷ்டம் போய்விட்டது, கூடி உட்காரும் வழக்கம் மட்டும் போகக்கூடாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளைகளும் ஊசியோடு வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள்.