அடிக்குறிப்பும் நம் பெயர்களும்

நம் மாணவர் பலருக்கு அடிக்குறிப்பு என்பது கட்டுரையைக் கொடுப்பதற்கு முந்திய இரவில் அவசர அவசரமாகச் செய்யும் வேலை. பேராசிரியரை மகிழ்விக்கும் சடங்கு என்றே அதைக் கருதுகின்றனர். உண்மையில் அது படிப்பவருக்குக் காட்டும் வழி. 'இச்செய்தியை இன்ன நூலின் இன்ன பதிப்பில், இன்ன பக்கத்தில் கண்டேன். ஐயமிருப்பின் நீங்களும் பாருங்கள்' என்பதே அதன் பொருள். அவ்வழியே சென்றவருக்கு நூல் அகப்படவில்லையென்றால், காற்புள்ளிகள் எவ்வளவு ஒழுங்காக நின்றும் பயன் என்ன?

முறைகள் பல உள. வரலாற்றுத் துறையினர் பெரும்பாலும் சிகாகோ முறையைக் கேட்பர். இலக்கியத் துறையினர் எம்.எல்.ஏ. முறையைக் கேட்பர். (சட்டமன்ற உறுப்பினரை எண்ண வேண்டா, இது அமெரிக்காவிலுள்ள மொழியறிஞர் சங்கம் ஒன்று.) உளவியலார்க்கு ஏ.பி.ஏ. முறை. எதைக் கேட்கிறார்களோ அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை கைக்கொண்டால் போதும். அவற்றின் விதிகளை நூலகத்தில் பார்த்துக் கொள்ளலாம். ஆனால் தமிழ் நூல்களையும் தமிழ்ப் பெயர்களையும் எடுத்தாளும்போது நேரும் இடர்களை நாமேதான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் இடர் பெயர். மேனாட்டார் பட்டியலில் குடும்பப் பெயர் முன்னே நிற்கும். நம்மில் பலருக்கோ குடும்பப் பெயரே இல்லை; முன்னெழுத்துத்தான் உண்டு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனை எடுத்துக்கொள்வோம். 'எஸ்' என்பது அவர் பிறந்த சீர்காழி. 'ஆர்' என்பது தந்தையார் இராமாமிருதம். 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று எழுதினால் முறைக்கும் பொருந்தும், உண்மைக்கும் பொருந்தும். தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய அவர், பெயரின் எந்தப் பகுதியை முன்வைப்பது என்பதற்கு 1934-இல் வெளியிட்ட தம் அட்டவணை விதிநூலில் இடம் தந்தார். சர் சி. வி. ராமனின் 'வி' வேறு வகை. வேங்கடராமன் என்ற ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்ததால் வந்த எழுத்து அது!

வம்பு எங்கே வருகிறதென்றால், விண்ணப்பங்களுக்காக முன்னெழுத்தை விரித்துப் பின்னால் சேர்த்துக்கொண்டவர்களிடம். ப. முருகேசன் என்பவர் 'முருகேசன் பழனிசாமி' ஆகிறார். நம் கட்டுரையில் 'பழனிசாமி, மு.' ஆகிவிடுகிறார். உழைத்தவர் மகன், பெயர் தந்தைக்கு! இன்று கணினிச் செயலிகள் இந்தத் தவற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்து தருகின்றன. சொட்டேரோ போன்ற செயலியில் பெயரை இரு கட்டங்களாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடவும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பட்டப்பெயர் சேர்ந்த பழம்பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். 'வையாபுரிப் பிள்ளை, எஸ்.' என்றால் எவரும் அறிவர். 'பிள்ளை, எஸ். வி.' என்றால் அறிபவர் யார்?

ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டலும் வழி மறிக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக அட்டவணையில் உ. வே. சாமிநாதையரின் பெயர் 'எஸ்' எழுத்தில் இல்லை, 'சி' எழுத்தில் இருக்கிறது. சகரத்தை அவ்வாறு குறிப்பது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முறை. ஏதேனும் ஒரு முறையைப் பற்றி நில்லுங்கள்.

இனி ஆண்டு. ஐயரவர்களின் புறநானூற்றுப் பதிப்பு முதலில் வெளிவந்தது 1894-இல். அவர் மறைந்தது 1942-இல். கையிலுள்ள மறுபதிப்பின் ஆண்டை மட்டும் இட்டால், அவர் நம் காலத்தில் உட்கார்ந்து பதிப்பித்தது போலாகும். இரண்டு ஆண்டுகளையும் கொடுப்பதே முறை. திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சாகியிருந்தால் 31-ஐக் கழியுங்கள். பழைய நூல்களில் 'சுபகிருது' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். 1902-இல் தொடங்கியதும் சுபகிருதுதான், 1962-இல் தொடங்கியதும் சுபகிருதுதான். அச்சகத்தின் பெயரோ முன்னுரையோ துப்புத் தரும்.

சங்க நூல்களுக்குப் பக்க எண்ணைவிடப் பாட்டெண்ணே சிறந்தது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், பாட்டு மாறாது. ஆயினும் பாடபேதம் உண்டாதலால் பதிப்பாசிரியர் பெயரை விடலாகாது. 'மேற்படி' என்று எழுதும் பழக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. நடுவே புதுக் குறிப்பு ஒன்றைச் செருகினால் பழைய 'மேற்படி' வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். சிகாகோ முறையினரே 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், அதைவிட ஆசிரியர் பெயரும் சுருக்கத் தலைப்பும் தருவது நலம் என்று கூறிவிட்டனர்.

நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாற்றில் ஒரு கல்வெட்டைப் படித்துவிட்டு, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியையே புரட்டியதுபோல் குறிப்பெழுதுவது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. இது நேர்மைக் குறைவு. அதோடு, வழியில் ஓர் எண் பிழைபட்டிருந்தால் அப்பிழைக்கு நாமும் சாட்சியாகிறோம். 'சாஸ்திரியார் காட்டியபடி' என்று எழுதினால் மதிப்பெண் குறைந்துவிடாது.

வெளி மாநிலத்தில் பயிலும் நமக்கு இன்னொன்று. விடுமுறையில் கன்னிமாராவிலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ பார்த்த நூலை இங்கே திரும்பி வந்தபின் தேடினால் அகப்படுவது அரிது. ரயில் ஏறுமுன் முகப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் நூலகத்தார் இசைவுடன் படமெடுத்துக் கொள்ளுங்கள். பக்க எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.