விண்மீனே எடைக்கல்

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நிறுவைச் சண்டை புதிதன்று. என் தந்தையார் பால் வெட்டிய தோட்டத்தில், தராசு குறைத்துக் காட்டுகிறது என்றொரு முணுமுணுப்பு எழுந்தது. கூலியோ எடையைப் பொறுத்தது. ஒருநாள் அவர் கட்டுப் பிரிக்காத அரிசி மூட்டையைத் தூக்கிச் சென்று அத்தராசில் வைத்தார். இரண்டு ராத்தல் குறைந்தது. "மூட்டையின் எடை சரியென்று யார் சொன்னது?" என்றார் கிராணியார். நியாயமான கேள்விதான். மறுநாள் வேறொரு கடையிலிருந்து இன்னொரு மூட்டை வந்தது. அதுவும் இரண்டு ராத்தல் குறைந்தது. தராசு மாற்றப்பட்டது.

அறிவியலார் இதனை அளவுத்திருத்தம் என்பர். அச்சொல் எனக்கு நிறைவளிப்பதில்லை. பல வேளைகளில் கருவியை யாரும் தொடுவதேயில்லை. அது காட்டும் எண்ணுக்குப் பொருள் என்ன என்று அறிவதே நோக்கம்.

2003 ஆகஸ்டு 25இல் ஏவப்பட்டு, 2020 ஜனவரி 30 வரை பணியாற்றிய ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்த அகச்சிவப்புப் படக்கருவி, கண்ணுக்குப் புலப்படாத 3.6 முதல் 8 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களை நான்கு பட்டைகளில் பதிந்தது. கதிரவனைச் சுற்றிவரும் அக்கருவியிடம் எடைக்கல்லைக் கொண்டுசெல்வது எங்ஙனம்? விண்மீன்களே எடைக்கற்களாயின. 'ஏ' வகை வெண்மீன்கள் சிலவற்றைத் தரையிலிருந்து அளந்து, அவை அகச்சிவப்பில் எவ்வளவு ஒளிர வேண்டும் என்று முன்னதாகக் கணித்தனர். கருவி காட்டியதை அக்கணக்கோடு ஒப்பிட்டனர். அவை கதிரவப் பாதையின் வடதுருவத்தருகே உள்ளவை. ஆண்டு முழுதும் பார்வைக்கு அகப்படுபவை.

தராசுத் தட்டின் ஓரத்தில் வைத்த பொருள் வேறு எடை காட்டுவதுண்டு. இங்கும் அவ்வாறே. ஒரே மீன் படத்தளத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்பதற்கேற்ப அளவு மாறியது. அதற்கும் கணக்கிட்டுக் கழித்தனர். முடிவில், அக்கணிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, 3 விழுக்காட்டுத் துல்லியம் கிட்டியது.

இனி, கிராணியாரின் கேள்விக்கு வருவோம். கருவியின் நிலையைச் சரிபார்க்க 12 மணிக்கு ஒருமுறை துணை எடைமீன் ஒன்றையேனும் நோக்கி வந்தனர். அவற்றுள் ஒன்று 7.4 நாளுக்கொரு முறை 5 விழுக்காடு ஏறியிறங்கியது. குற்றம் கருவியினுடையதன்று, மற்ற மீன்கள் அசையாமல் நின்றன. எடைக்கல்லே மாறுமீன்! அந்த ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் கருவியன்றோ பழி சுமந்திருக்கும்?

1983இல் ஐராஸ் என்னும் துணைக்கோளிலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. நெடுங்காலம் ஒளியளவின் அடிப்படையாக விளங்கிய வேகா, நீண்ட அலைகளில் கணக்கை மிஞ்சி ஒளிர்ந்தது. அதனைச் சூழ்ந்த தூசு வளையம் அப்போதுதான் தெரியவந்தது.

இவ்வொளியளவுக் கணக்கில் தமிழ்நாட்டுக்கும் தொடர்புண்டு. ஐந்து தரம் வேறுபட்டால் நூறு மடங்கு ஒளி என்று 1856இல் வரையறை முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861இல் சென்னை வானாய்வகப் பொறுப்பேற்று, 1891இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரி 1867இல் தென்வானில் ஒரு மாறுமீனைக் கண்டறிந்தார். அக்காலத்தில் மாறுமீனை அளக்க, பக்கத்திலுள்ள மாறாத மீன்களும் பார்ப்பவரின் கண்ணுமே தராசு.